வெள்ளிக்கிழமைத் திரைப்படங்கள்: மாலேகான் விசைத்தறியாளர்களின் சினிமாவும் வரலாற்றில் அதன் இடமும்

மகாராட்டிரத்தின் நாசிக் மாவட்டத்திலுள்ள மாலேகானில் வெள்ளிக்கிழமை விசைத்தறிகளுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் பன்னிரண்டு மணி நேர முறையில் இரவும் பகலும் ஓடும் தறிகள் அன்று ஓய்ந்திருக்கும். மசூதிக்குப் போவதற்கும் உறவினர் வீட்டுக்குச் செல்வதற்கும் சினிமா பார்ப்பதற்கும் உரிய நாள் அது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அந்நகரத்தின் சில இளைஞர்களுக்கு அது படம் எடுக்கும் நாளாகவும் ஆயிற்று. திரைப்படப் பள்ளியை எட்டிப்பார்த்திராத, பம்பாய்ப் படநிறுவனங்களில் கால்வைத்திராத அந்த இளைஞர்கள் எடுத்த படங்கள் இன்று 'மாலேகான் சினிமா' என்ற பெயரில் அறியப்படுகின்றன. ஆனால் இந்திய சினிமாவின் வரலாறு எழுதப்படும்போது அவற்றுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வேடிக்கைச் செய்திக்குரிய இடமே. அந்த இடம் போதுமானதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கேள்விக்குள் நுழையும் முன் 'அமெச்சூர்' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழுக்கு அது புதிய சொல் அன்று. 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையை நாடக வரலாற்றாசிரியர்கள் அமெச்சூர் அரங்கின் தொடக்கங்களுள் ஒன்றாகவே குறிப்பிடுவர். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் வயிற்றுப்பாட்டுக்காக அன்றி விருப்பத்துக்காக நடித்தார்கள் என்பது அதன் பொருள். அதே சொல்லுக்குள் ஒரு வர்க்கக் குறிப்பும் ஒளிந்திருந்தது. கூத்தாடிப் பிழைப்பவர் வேறு, கலையில் ஈடுபாடு கொண்ட கனவான் வேறு. பொருள் ஈட்ட வேண்டிய தேவை இல்லாதவரே 'அமெச்சூர்' என்ற மதிப்புக்கு உரியவரானார்.

சினிமாவிலும் இதே வேறுபாடு தொடர்ந்தது. 1922-இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் 9.5 மி.மீ. படச்சுருளையும், 1923-இல் அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 16 மி.மீ. படச்சுருளையும், 1932-இல் அதே நிறுவனம் 8 மி.மீ. படச்சுருளையும் அறிமுகப்படுத்தின. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டுக்கு மாற்றாக வந்த இந்தச் சிறு சுருள்கள் கேமராவை வீட்டுக்குள் கொண்டுவந்தன. 1926-இல் அமெரிக்காவில் அமெச்சூர் சினிமா லீக் தோன்றியது. 1932-இல் பிரிட்டனில் அமெச்சூர் ஒளிப்பதிவாளர்களின் நிறுவனம் உருவானது. உள்ளூர்க் கழகங்கள் கூடின, போட்டிகள் நடந்தன, இதழ்கள் வெளிவந்தன. எனினும் 16 மி.மீ. சுருள் 100 அடி ஓடி முடியச் சில நிமிடங்களே ஆகும். சுருளுக்கும் கழுவும் கூலிக்கும் செலவிட வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காகவே அது நெடுங்காலம் இருந்தது.

இந்தியாவில் அந்த வசதி இன்னும் குறைவு. சமஸ்தான மன்னர்களும் பெருவணிகக் குடும்பத்தினரும் ஆங்கிலேய அதிகாரிகளும் தம் வேட்டைகளையும் திருமணங்களையும் பயணங்களையும் படம்பிடித்தனர். விடுதலைக்குப் பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கச்சாச் சுருளின் இறக்குமதி உரிமத்துக்கு உட்பட்டது. 1960-இல் உதகமண்டலத்தில் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனமே அத்தட்டுப்பாட்டுக்கு ஒரு விடையாகத்தான் பிறந்தது. இத்தகைய சூழலில் இந்தியாவில் வேர்விட்டது பார்ப்போரின் கழகமேயன்றி எடுப்போரின் கழகம் அன்று.

1947-இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலானோர் தொடங்கிய கல்கத்தா பிலிம் சொசைட்டியை இந்த மரபின் தலைவாசல் எனலாம். 1959-இல் பல நகரங்களின் கழகங்கள் இணைந்து கூட்டமைப்பாயின. ராயே அதன் தலைவரானார். உலகப் படங்களைத் தருவித்துப் பார்ப்பது, விவாதிப்பது, எழுதுவது ஆகியவை இக்கழகங்களின் பணி. பாடத்திட்டங்கள் கற்பிக்கும் 'திரைப்படச் சங்க இயக்கம்' இதுவே.

ஆனால் அந்த இயக்கத்தின் மிகப் பெரிய விளைவு ஓர் அமெச்சூர் படம் என்பது அவ்வளவாக வலியுறுத்தப்படுவதில்லை. 1952 அக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி'யின் படப்பிடிப்பு தொடங்கியபோது ராய் ஒரு விளம்பர நிறுவனத்தின் ஊழியர். அதுவரை அவர் ஒரு படமும் இயக்கியதில்லை. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு வயது 21-ஐ ஒட்டியே இருந்தது. திரைப்படக் கேமராவை இயக்கிய அனுபவம் அவருக்கும் இல்லை. வேலை நாட்களில் அலுவலகம், விடுமுறை நாட்களில் படப்பிடிப்பு. நாணல் பூத்த வெளியில் பாதிக் காட்சியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பி வந்தபோது மாடுகள் பூக்களை மேய்ந்துவிட்டிருந்தன என்பதும், மறுபடி பூக்கும் பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது என்பதும் ராயே பதிவு செய்த செய்தி. காப்பீட்டுப் பத்திரம் அடகுக்குப் போயிற்று. இசைத்தட்டுகள் விற்கப்பட்டன. மேற்கு வங்க அரசின் உதவி கிடைத்த பிறகே படம் நிறைவுற்றது. 1955-இல் அது வெளிவந்ததும் 'அமெச்சூர்' என்ற அடைமொழி உதிர்ந்து 'மேதை' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. கல்கத்தாவின் ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைத்த இந்த நல்வாய்ப்பு மாலேகானின் வெள்ளிக்கிழமைக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதை ஆராய வேண்டும்.

இடையில் கேரளம் இன்னொரு வழியைத் திறந்தது. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்த ஜான் ஆபிரகாம், 1984-இல் கோழிக்கோட்டில் நண்பர்களுடன் 'ஒடேசா' கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் படங்களைத் திரையிட்டு, மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டிய பணத்தில் 'அம்ம அறியான்' (1986) உருவானது. தயாரிப்பாளர், வினியோகஸ்தர், கொட்டகை உரிமையாளர் என்ற சங்கிலியை அது அறுத்தது. ஆயினும் ஜான் ஆபிரகாம் பூனா திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். மக்கள் பணம் தந்தார்கள், படத்திலும் தோன்றினார்கள்; கேமராவைக் கையில் வைத்திருந்தவர்கள் பயிற்சி பெற்றவர்களே. கேமராவும் மக்கள் கைக்கே வருவதற்குப் படச்சுருள் ஒழிந்து ஒளிநாடா வரவேண்டியிருந்தது.

ஒளிநாடாவின் இந்திய வரலாறு 1980-களில் தொடங்குகிறது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுகளை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. வி.சி.ஆர். கருவிகள் நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் புகுந்தன. கொட்டகைக் கட்டணம் கட்டுபடியாகாதவர்களுக்கும் கொட்டகையே இல்லாத ஊர்களுக்கும் வீடியோ பார்லர் பதிலானது. ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு வி.சி.ஆர்., சில விசுப்பலகைகள் இருந்தால் போதும். அரசு இந்த இடங்களைச் சந்தேகத்துடனேயே பார்த்தது. 1952-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டம் ஒளிநாடாவுக்கும் பொருந்துமா என்று வழக்குகள் நடந்தன. பொருந்தும் என 1993-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. சட்டத்தின் பார்வையில் வீடியோ பார்லர் உரிமம் பெற வேண்டிய ஒரு காட்சிக்கூடம். மாலேகானுக்கோ அது ஒரு திரைப்படக் கழகமாகவும் பயன்பட்டது.

இங்கே நகரத்தைப் பற்றிச் சில சொற்கள். பம்பாய்–ஆக்ரா நெடுஞ்சாலையில், மோசம் ஆற்றின் கரையில் அமைந்தது மாலேகான். 1818-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுக் கைப்பற்றிய கோட்டை இன்றும் அங்கே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 1857 எழுச்சிக்குப் பிந்தைய அடக்குமுறையிலிருந்தும் பஞ்சங்களிலிருந்தும் தப்பி வட இந்திய முஸ்லிம் நெசவாளர்கள் இங்கே குடியேறினர். கைத்தறியாக வந்தது இருபதாம் நூற்றாண்டில் விசைத்தறியானது. 2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை நான்கரை லட்சத்துக்கு மேல், பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். உருது அந்நகரின் பேச்சிலும் எழுத்திலும் வாழும் மொழி. கவியரங்குகளும் உருதுப் படிப்பகங்களும் தறிச் சத்தத்துக்கு நடுவே செழித்தன. மாலேகான் சினிமாவைத் திடீர்க் கிறுக்காகக் காண்பவர்கள் இந்த வாசிப்பு மரபைக் கணக்கில் கொள்வதில்லை. அப்படங்களுக்கு வசனம் எழுதிய ஃபரோக் ஜாஃப்ரி போன்றவர்களை வளர்த்தெடுத்தது அந்தச் சூழல்தான்.

நாசிர் ஷேக் இந்நகரில் வீடியோ பார்லர் நடத்தியவர். திருமணங்களை ஒளிப்பதிவு செய்த அனுபவமும் அவருக்கு உண்டு. ஒரு படத்தை நாள்தோறும் பலமுறை ஓட்டுபவருக்குப் பார்வையாளர் எங்கே சிரிக்கிறார், எங்கே எழுந்து போகிறார் என்பது தானாகவே பாடமாகிறது. பூனாவில் மாணவர்கள் வெட்டுமேசையில் கற்றதை அவர் பார்லர் இருட்டில் கற்றார். 2000-ஆம் ஆண்டு 'மாலேகான் கே ஷோலே' வெளிவந்தது. செலவு ஏறத்தாழ 50,000 ரூபாய் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நடித்தவர்கள் தறித்தொழிலாளிகளும் சிறு கடைக்காரர்களும். வெளியான இடம் உள்ளூர் வீடியோ பார்லர். கூட்டம் நிரம்பி வழிந்தது.

மூலப்படமான ரமேஷ் சிப்பியின் 'ஷோலே' 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. 70 மி.மீ. அகன்ற திரை, ஸ்டீரியோ ஒலி, கர்நாடகத்தின் ராமநகரப் பாறைகளுக்கிடையே கட்டியெழுப்பிய கிராமம், குதிரைகள், ஓடும் ரயில், பம்பாய் மினர்வா கொட்டகையில் ஐந்து ஆண்டு ஓட்டம் என்று செல்வமும் தொழில்நுட்பமும் எட்டக்கூடிய உச்சியில் நின்ற படம் அது. அதையே மாலேகான் எடுத்துக்கொண்டது தற்செயல் அன்று. குதிரை இல்லை; கொள்ளையர்கள் சைக்கிளில் வந்தார்கள். ரயில் இல்லை, பேருந்து வந்தது. கப்பர் சிங் 'ரப்பர் சிங்' ஆனார், பசந்தி 'பாஸ்மதி' ஆனாள். கிரேனுக்கு மாட்டுவண்டியும், கேமராவை நகர்த்தும் டிராலிக்குச் சைக்கிளும் மாலேகான் படப்பிடிப்புகளில் உதவின.

இதை 'நகல்' என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் நகல் என்றால் மூலத்தைப் போலவே இருக்க முயல வேண்டும். மாலேகான் படம் தன்னிடம் குதிரை இல்லை என்பதை மறைக்கவில்லை. பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் மூலத்தின் வசனம் மனப்பாடம். அடுத்து குதிரை வர வேண்டும் என்பதும் தெரியும். சைக்கிள் வரும்போது எழும் சிரிப்பு குறைபாட்டைக் கண்டு எழும் ஏளனம் அன்று. எழுபது மில்லிமீட்டரின் பிரம்மாண்டத்தைத் தெருவளவுக்கு இறக்கிவிட்டோம் என்ற நிறைவு அதில் உண்டு. கேலி செய்யப்படுவது பம்பாயா, மாலேகானா என்று பிரித்துச் சொல்ல முடியாத இடத்தில்தான் அந்தப் படங்களின் ஆற்றல் இருக்கிறது. மூலக்கதையை உள்ளூர்ப் பேச்சுக்கும் உள்ளூர்ப் பகடிக்கும் இடம்பெயர்க்கும் வேலையைத் தெருக்கூத்தின் கட்டியங்காரன் காலங்காலமாகச் செய்துவருவதை அறிந்த தமிழ் ஆய்வாளருக்கு இது புரியாத செயலாக இராது.

தொழில்நுட்பமும் இந்த அழகியலை வடிவமைத்தது. இரண்டு வி.சி.ஆர். கருவிகளை இணைத்துப் படத்தொகுப்பு செய்வதென்றால் ஒன்றில் நாடாவை ஓட்டி, வேண்டிய பகுதியை மற்றொன்றில் வரிசையாகப் பதிவு செய்துகொண்டே போக வேண்டும். படச்சுருளைப் போல நடுவே வெட்டி ஒட்ட முடியாது. பத்தாவது நிமிடத்தில் ஒரு காட்சியைக் கூட்டவோ குறைக்கவோ விரும்பினால் அதற்குப் பிந்தைய அனைத்தையும் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். அல்லது இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் நிறம் வழியும், விளிம்பு மங்கும். எனவே காட்சியின் வரிசை முன்கூட்டியே மனத்தில் முடிவாகியிருக்க வேண்டும். கையில் இருந்த கருவி எதைப் பொறுக்குமோ அதற்கேற்பவே அந்தப் படங்களின் நடை அமைந்தது.

இக்குழுவின் அடுத்த பெரிய முயற்சிகளுள் ஒன்று 'மாலேகான் கா சூப்பர்மேன்'. பறக்கும் நாயகனுக்குப் பச்சைத் திரை வேண்டியிருந்தது. பச்சைத் துணி கட்டப்பட்டது. நாயகனாக நடித்த ஷஃபீக் ஒரு விசைத்தறித் தொழிலாளி, மெலிந்த உடல்வாகு உடையவர். அரைக்கால் சட்டையின் நாடா தொங்க, உலகைக் காக்க அவர் பறந்தார். இந்தப் படப்பிடிப்பைப் பதிவு செய்ததே ஃபைஸா அகமது கான் 2008-இல் எடுத்த 'சூப்பர்மென் ஆஃப் மாலேகான்' ஆவணப்படம். ஒரே கேமரா தண்ணீரில் விழுவதும், படப்பிடிப்பு நிற்பதும், பிறகு தொடர்வதும் அதில் உள்ளன. ஷஃபீக்கைப் புற்றுநோய் தாக்கியது. அந்த ஆவணப்படம் 2012-இல் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது அவர் உயிருடன் இல்லை.

இந்த வரலாற்றைப் புகழுரையாக மட்டும் எழுதுவதும் பிழையாகும். மாலேகான் படங்களில் உள்ளூர்ப் பெண்கள் நடிக்கவில்லை. நடிகைகள் வெளியூர்களிலிருந்து வந்தார்கள். வெள்ளிக்கிழமை ஓய்வு தறியில் நிற்கும் ஆணுக்குரியது. வீட்டில் தார் சுற்றும் பெண்ணுக்கும் அடுப்படிப் பெண்ணுக்கும் அத்தகைய வெள்ளிக்கிழமை இல்லை. 'சமூகத்தின் சினிமா' என்னும்போது அந்தச் சமூகத்தில் பாதி கேமராவுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். ஓய்வு நேரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை விட்டுவிட்டு அமெச்சூர் கலையின் வரலாற்றை எங்கும் எழுத முடியாது. சுகுண விலாச சபையிலும் பெண் வேடங்களை ஆண்களே ஏற்றனர் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இந்தப் படங்களின் முக்கியத்துவம் சினிமாவுக்கு வெளியேயும் இருக்கிறது. 2006 செப்டம்பர் 8, ஒரு வெள்ளிக்கிழமை, ஷபே பராத் நாள். மசூதியையும் இடுகாட்டையும் ஒட்டி வெடித்த குண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2008 செப்டம்பர் 29 அன்று மீண்டும் குண்டு வெடித்து ஆறு பேர் இறந்தனர். 2006 வழக்கில் முதலில் கைதான முஸ்லிம் இளைஞர்கள் 2016-இல் நீதிமன்றத்தால் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். அதற்குள் 'மாலேகான்' என்ற பெயர் செய்தித்தாள்களில் ஊர்ப்பெயராக இல்லாமல் வழக்குப்பெயராகிவிட்டது. நாளைய வரலாற்றாசிரியர் இந்நகரத்தைத் தேடினால் குற்றப்பத்திரிகைகளும் விசாரணை ஆணைகளும் தீர்ப்புகளும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். அந்த ஆவணங்களில் மாலேகான் மனிதர் சந்தேக நபராகவோ, சாட்சியாகவோ, பிணமாகவோ மட்டுமே தோன்றுவார். அவர் சிரித்ததற்கும், சைக்கிளில் கொள்ளையனாக வேடமிட்டு வந்ததற்கும், நண்பனின் படத்துக்காக வெயிலில் நின்றதற்கும் சான்று இந்த ஒளிநாடாக்களில்தான் உண்டு. குண்டுவெடிப்புகளுக்கு முந்தைய தெருக்களும் கடைவீதிகளும் ஆற்றங்கரையும் அவற்றின் பின்னணியில் பதிவாகியுள்ளன. படம் எடுத்தவர்கள் ஆவணப்படுத்த எண்ணவில்லை. ஆவணம் தானாகவே உருவாகிவிட்டது.

அந்த ஆவணம் இப்போது அழிந்துவருகிறது. காந்த நாடாவின் மேற்பூச்சைப் பிணைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகுகிறது. வெப்பமும் பூஞ்சையும் மீதியை முடிக்கின்றன. படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்தாவது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்; ஒளிநாடாவைப் பார்க்க அதற்குரிய கருவி வேண்டும். வி.சி.ஆர். கருவிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் அதை நிறுத்திவிட்டது. 1964-இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கும் பூனாவும் மாலேகானும் ஒரே மாநிலத்தில் உள்ளவை. ஆனால் திரைப்படப் பாதுகாப்பு என்ற கருத்தே படச்சுருளையும் கொட்டகையில் வெளியான படத்தையும் மையமாகக் கொண்டு வளர்ந்தது. பார்லரில் ஓடிய ஒளிநாடா அந்தக் கணக்கில் எளிதில் சேர்வதில்லை.

இதற்கிடையே மாலேகானின் படத்தொழிலும் உருமாறியது. வி.சி.டி. வந்தது, பிறகு கைப்பேசியும் யூடியூபும் வந்தன. காந்தேஷ் வட்டார நகைச்சுவைக் காணொளிகள் பெருங்கூட்டத்தை ஈர்க்கின்றன. வெள்ளிக்கிழமை விருப்பம் சிலருக்கு முழுநேரப் பிழைப்பாகியிருக்கிறது. பிழைப்பானதும் 'அமெச்சூர்' என்ற தகுதியை அவர்கள் இழந்துவிட்டார்களா? கூத்தாடியையும் கனவானையும் பிரித்த பழைய கோட்டின்படி அப்படித்தான். அந்தக் கோடே தவறானது என்பதற்குத்தான் மாலேகான் சான்று. ஒரு தறித்தொழிலாளி தன் விருப்பக் கலையால் சோறு உண்ண நேர்ந்தால் அதில் குறையொன்றும் இல்லை.

2024-இல் ரீமா காக்தி இயக்கிய 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்' டொரான்டோ விழாவில் திரையிடப்பட்டு, 2025 பிப்ரவரியில் கொட்டகைகளுக்கு வந்தது. பம்பாயைப் பார்த்துப் படமெடுத்த ஊரைப் பார்த்துப் பம்பாய் படமெடுத்தது. நாசிராகவும் ஷஃபீக்காகவும் தொழில்முறை நடிகர்கள் நடித்தார்கள். ஒரு காலத்தில் மாலேகான் 'ஷோலே'க்குச் செய்த மரியாதையின் மறுபக்கம் என்று இதைக் கொள்ளலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மாலேகான் படத்தைப் பார்த்தவர்கள் அனைவரும் மூலமான 'ஷோலே'யை அறிந்திருந்தார்கள். பம்பாய்ப் படத்தைப் பார்த்தவர்களில் மிகப் பலர் மூலமான மாலேகான் படங்களைப் பார்த்ததில்லை. கதை காப்பாற்றப்பட்டது, ஆனால் படங்கள் காப்பாற்றப்படவில்லை.

ராயின் விடுமுறை நாட்களுக்குக் கிடைத்து நாசிரின் வெள்ளிக்கிழமைக்குக் கிடைக்காதது எது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. 'பதேர் பாஞ்சாலி'க்கும் 'மாலேகான் கே ஷோலே'வுக்கும் கலைமதிப்பில் ஒப்பீடு இல்லை. அதை நிறுவுவது தேவையும் இல்லை. ராய்க்குப் பின்னால் ஒரு கழகமும் இதழ்களும் விமரிசகர்களும் ஓர் அரசும் பிறகு ஒரு காப்பகமும் இருந்தன. ஒரு படத்தை வரலாறாக்குபவை அவை. மாலேகானுக்குப் பார்வையாளர்கள் இருந்தார்கள். அதன் நாடாக்களைக் காத்துவைக்க ஓர் அமைப்பு இல்லை. திரைப்பட வரலாற்றை ஆராயும் மாணவர்கள் எத்தனையோ பெரிய படங்களைப் பற்றி மேலும் ஓர் ஆய்வேட்டை எழுதலாம், அவை காத்திருக்கும். ஒவ்வொரு சிற்றூரிலும் மூடிப்போன வீடியோ கடையின் பரணில், கையால் எழுதிய பெயர்ச்சீட்டு ஒட்டிய நாடாக்கள் கிடக்கின்றன. அவற்றுக்கு இன்னும் பல மழைக்காலங்கள் இல்லை.